மூக்கு நுனியில் கரி

எனக்கு மூக்கு போய் மூன்று வருசத்துக்கு மேலாகிறது. போய்விட்டது என்றால் அறுந்து விழுந்துவிடவில்லை. கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வாசம் பிடிக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டது. ஊரே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் எனக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது, உயிர் தங்கியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. "பைய வந்திரும் தாத்தா" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னும் பையத்தான் வந்துகொண்டிருக்கிறது.

என் வயசுக்காரர்களே, சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேருக்குக் காது போயிருக்கும், மீதிப் பேருக்கு முட்டி. எனக்கு இது. முதலில் நானே இதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தேன். பாளையங்கோட்டை பஸ்ஸில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். அதில் ராசா மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து போனேன். சாக்கடை அள்ளுகிற அன்று தெருவே கதவைச் சாத்தும். நான் மட்டும் வாசலில் நின்று டீ குடித்தேன்.

பிறகு ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, சட்டி கரியாகிக்கொண்டிருந்தது. நான் நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் என்றுதான் சொன்னேன். நாலாம் கிளாசோடு நின்ற ஆள், எழுத்துக்கூட்டி ஒரு செய்தியை முடிப்பதற்குள் அது பழைய செய்தியாகிவிடும். மருமகள் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"மாமா, பக்கத்துலயே இருக்கிய. ஒங்களுக்கு மணக்கவே இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு தடவை என் காதில் விழுந்திருந்தது. என் அம்மா என் அப்பாவைக் கேட்டது. அதே மாதிரி பால், அதே மாதிரி நாலடி தூரம். அன்றைக்கு அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். எனக்கு ஒன்பது வயசு. அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன். ஐம்பத்தைந்து வருசம் நம்பினேன்.

என் அப்பாவுக்கு வாசம் தெரியாது. அவர் வாழைப்பழக் கடைக்காரர்.

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று தெரிய, அப்போது பழம் எப்படிப் பழுத்தது என்று சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, தாமிரபரணிப் பாலத்துக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் எங்கள் கடை. முன்னால் கயிற்றில் தார்கள் தொங்கும். பின்னால் மண் சுவர் வைத்த ஒரு சின்ன இருட்டறை. அதைத்தான் மூட்டம் என்போம். தோப்பிலிருந்து வந்த காய்த் தார்களை அதற்குள் அடுக்கி, வாழைச் சருகைப் போட்டு மூடுவார் அப்பா. ஒரு மண்பானையில் தேங்காய் மட்டையும் சருகும் போட்டுப் பற்றவைத்து, வாயால் ஊதி ஊதிப் புகையை உள்ளே அனுப்புவார். பிறகு வாசலைப் பலகையால் அடைத்துக் களிமண்ணால் பூசிவிடுவார். விரல் நுழைகிற அளவில் ஒரே ஓர் ஓட்டை, அதிலும் துணி அடைத்திருக்கும்.

வெயில் காலம் என்றால் ஒரு நாள், மழை என்றால் இரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல். எப்போது திறப்பது என்று சொல்லுவது மூக்குதான். துணியைப் பிடுங்கி ஓட்டையில் மோந்து பார்த்தால் முதலில் புகை மட்டும் அடிக்கும். காய் திரும்பிவிட்டால் புகைக்கு அடியில் இனிப்பாக ஒரு வாசம் ஏறி வரும். அது வருமுன் திறந்தால் மேலே மஞ்சளாகும், உள்ளே காயாகவே நின்றுவிடும். வெம்பல். அதை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

புகையை ஊதி ஊதி அப்பாவின் மூக்கு செத்துப்போயிருந்தது. நான் கடைக்குப் போக ஆரம்பித்தபோதே அது செத்து இரண்டு மூன்று வருசம். ஊருக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது.

தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். அந்த மனுசன் உழைத்த உழைப்பில் அவர் மூக்கை யார் கவனித்தார்கள்? கோழி கூப்பிடும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புகளுக்குப் போவார். விடிந்தால் சைக்கிளின் இரு பக்கமும் தார் தொங்க, சைக்கிள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், வாழைத்தோட்டம் ஒன்று தானாக ரோட்டில் நடந்து வருகிற மாதிரி வருவார். மத்தியானச் சாப்பாடு நின்றபடியே. அவர் சட்டைகளில் வாழைக்கறை படாதது ஒன்றுகூடக் கிடையாது. பழுப்பும் கறுப்புமாகத் தீவுதீவாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உலகப் படத்தைத் தொங்கவிட்டபோது, அப்பாவின் சட்டையை யாரோ கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் படிப்பு எந்த லட்சணத்தில் போயிருக்கும் என்று இதிலேயே கண்டுகொள்ளுங்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எப்பத் திங்கணும்?"

இன்று சாயங்காலமா, நாளைக் காலையா, மறுநாளா என்று சொன்னால் அதற்கென்று ஒரு சீப்பை அறுத்துத் தருவார். யாராவது விரலால் அமுக்கிப் பார்த்தால் பதறிவிடுவார். "அண்ணாச்சி, அமுக்காதீக. அமுக்குன எடம் கறுத்துப் போவும். என் மூக்கு சொல்லுது, எடுத்துட்டுப் போங்க." சொல்லிவிட்டுத் தன் மூக்கை இரண்டு விரலால் தட்டிக்காட்டுவார். சுற்று வட்டாரத்தில் அந்த மூக்குக்கு அவ்வளவு பேர். செத்த மூக்கை அப்படித் தட்டிக்காட்டியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அம்மா வைக்கிற குழம்பு ஊசிப்போயிருந்தாலும், முதல் கவளம் வாய்க்குள் போகும்போதே "நல்லாருக்கு" என்பார். யாரும் கேட்கக்கூட வேண்டாம். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொள்வாள், "எங்க வீட்டு மனுசரு மாதிரி ஒலகத்துல கெடையாது. ஒரு நாள் ஒரு கொற சொன்னதில்ல" என்று. தினமும் சாயங்காலம் வாழை இலைத் துண்டில் கட்டி பிச்சிப்பூ வாங்கி வருவார். அம்மா கையில் கொடுக்கும் முன் அதை முகத்தோடு சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். அம்மா வெட்கப்பட்டு, "பிள்ளையளு பாக்குது" என்பாள். அது ஏதோ ஆசையில் செய்கிறார் என்று அவள் நினைத்தாள். இன்றாவது திரும்ப வந்திருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஏனென்றால் நானும் இப்போது பூக்காரியைக் கண்டால் அதைத்தான் செய்கிறேன்.

சரி, வாசம் தெரியாதவர் மூட்டத்தை எப்படித் திறந்தார்? அதற்குத்தான் நான். காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். துணியைப் பிடுங்கிவிட்டு, "ஏலே, மோந்து பாரு. என்ன மணக்கு, சொல்லு பாப்போம்" என்பார். எனக்கு அது விளையாட்டு. "அத்தை வீட்டுக் கருவாடு", "வாத்தியாரு வேட்டி" என்று ஏதாவது உளறுவேன். சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "வெளையாட்டு போதும்லே, நெசமாச் சொல்லு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் குரல் மாறும். நான் நெசமாகச் சொல்லுவேன். ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். மோந்து முடித்தால் என் மூக்கு நுனியில் ஒரு பொட்டுக் கரி ஒட்டியிருக்கும். தோளில் கிடக்கிற துண்டின் நுனியால் அதைத் துடைத்துவிட்டு, "போ, பள்ளிக்கொடத்துக்கு ஓடு" என்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சல் என்று ஏதாவது இருந்தது என்றால் அந்தத் துடைப்பு ஒன்றுதான்.

எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது என் அக்கா. அவள் என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். பெரியவளாகிப் பல வருசம் கழித்தும்கூடப் பழம் பார்க்கிற சாக்கில் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு தொடங்கியதும், பெண் இனிமேல் கடைப்பக்கம் போகக்கூடாது என்று அம்மா நிறுத்திவிட்டாள். அக்கா வீட்டுக்குள் போனாள், நான் ஓட்டைக்கு வந்தேன்.

அந்த ஐப்பசியில்தான் அக்காவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், பாளையங்கோட்டை ரூட். குடும்பத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை வெள்ளாமை. அக்கா அவரை ஏற்கெனவே பஸ்ஸில் பார்த்திருந்தாள். அவர் கிழித்துக்கொடுத்த டிக்கெட் ஒன்றை ரிப்பன் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். நான் அதை எடுத்து, மடித்து வாயில் வைத்து விசில் ஊதிப் பார்த்தபோது, சாதாரணமாகத் தலையில் குட்டுகிறவள் அன்றைக்கு அழுதேவிட்டாள். அதிலிருந்து எனக்கே புரிந்தது, இது ஏதோ பெரிய விசயம் என்று.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நிச்சயத்தன்று தட்டு மாற்றியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண் வீட்டுத் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து, இரண்டாகப் பிட்டு, பாதியைப் பெண்ணின் அப்பா கையில் கொடுப்பார். இருவரும் தின்றால்தான் பேச்சு உறுதி. இதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் நகையைக் காட்டுவார்கள். இவருக்குக் காட்ட இருந்தது பழம்தான். களக்காடு வரைக்கும் போய் ரஸ்தாளியில் நாலு தார் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார். அந்தத் தடவை மூட்டம் முழுக்க அது மட்டும்தான்.

"நல்ல காரியத்துல வைக்கிறதுக்கு முந்தி ஒருத்தரும் வாயில வைக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் துணி எடுத்து, கறை படாத ஒரு வெள்ளைச் சட்டையும் தைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அவரிடம் நான் பார்த்த ஒரே வெள்ளைச் சட்டை அது.

வெள்ளிக்கிழமை நிச்சயம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூட்டம் போட்டார். அன்றிலிருந்து பிடித்த மழை விடவேயில்லை. வியாழக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அந்தக் காலையில்தான் ஆற்றில் வெள்ளம். பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது, மரமெல்லாம் வேரோடு வருகிறது, ஒரு கூரையின் மேல் உயிரோடு ஆடு நிற்கிறது என்று பையன்கள் கத்திக்கொண்டே ஓடினார்கள். ஆடு! கூரையின் மேல்! நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா?

"ஏலே, மோந்து பாரு" என்றார் அப்பா.

நான் குனிந்தேன். குனிந்த மாதிரி குனிந்தேன். மூக்கு ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. காது ரோட்டில் இருந்தது.

"வந்துட்டுப்பா."

"வெளையாட்டு இல்லலே. நெசமாச் சொல்லு."

"நெசமாத்தாம்ப்பா! கும்முனு அடிக்கி. அல்வாக் கடை மாதிரி."

துண்டு நுனியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கை என் முகத்துக்கு வந்தது. வந்து அப்படியே நின்றது. நான் அதற்குக் கீழே புகுந்து ஓடிவிட்டேன்.

நான் போவதற்குள் ஆடும் போயிருந்தது, கூரையும் போயிருந்தது. கலங்கல் தண்ணீரும் ஒரு தென்னை மரமும்தான் போய்க்கொண்டிருந்தன. அதற்காகத்தான் ஓடினேன்.

அப்பா அன்று காலையே மூட்டத்தை உடைத்துவிட்டார். தார்களை எடுத்து நிழலில் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை விடியும்போது அவை மஞ்சளாக, கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தன. அமுக்கிப் பார்க்க அவர் கை போகவில்லை, அமுக்கின இடம் கறுத்துவிடும். தின்று பார்க்கவும் முடியாது, அவரே போட்ட சட்டம்.

வீடு நிறைய ஆட்கள். சித்தப்பாமார், மாமா, அத்தைமார், மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து பேர். கண்டக்டர் மாப்பிள்ளை தோளில் பை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா பச்சைச் சேலையில் வந்து தட்டை வைத்துவிட்டுப் போனாள். தட்டு மாறியது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு பழத்தை எடுத்து உரித்தார்.

பழுத்த ரஸ்தாளி பிட்டால் சத்தமே வராது. இது 'டக்'கென்று ஒடிந்தது. குச்சி மாதிரி. அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாழையோடு பிறந்து வாழையோடு வளர்ந்தவர்கள். அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். அப்பாவும் கேட்டிருப்பார். கேட்டிருக்கும், ஆனால் ஒரு பாதி அவர் கைக்கு வந்துவிட்டது. வாயில் போட்டார். போட்ட உடனே, எத்தனையோ வருசமாக முதல் கவளத்துக்குச் சொல்லிப் பழகியதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லாருக்கு."

பிறகுதான் அவர் தாடை நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுவா நல்லாருக்கு?" என்றாள். பெரியப்பா துப்ப முடியாமல் தண்ணீர் வாங்கி விழுங்கினார். அந்தம்மா இன்னொரு பழத்தை எடுத்து ஒடித்தாள். அதுவும் டக். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள், எல்லார் காதிலும் விழுந்தது.

"நல்ல பழத்தக் கடைல வித்துப்போட்டு வெம்பலக் கொண்டாந்து நமக்கு வச்சிருக்காரு. அதையும் நல்லாருக்குன்னு சொல்லுதாரு பாத்தியா? பழக்காரரு வீட்டுப் பழமே இந்த லெச்சணம்னா..."

மீதியை அவள் சொல்லவில்லை. அக்கா நிற்கிற கதவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். "பைய பேசிக்கிடுவோம் அண்ணாச்சி" என்றார். கண்டக்டர் மாப்பிள்ளை வாசல்படியில் ஒரு தடவை திரும்பினார். அவர் அம்மா முழங்கையால் இடித்தாள். அவர்கள் பிறகு வரவில்லை, பேசவும் இல்லை.

வீட்டுக்குள் அன்று நடந்த பேச்சை எழுதினால் பேப்பர் நாறும். மாமா சொன்னார், "தண்ணியப் போட்டுட்டு மூட்டத்தத் தெறந்திருப்பாரு அத்தான்." அப்பா கள்ளைக் கையால் தொட்டதில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "எத்தன வருசத் தொழிலு! பெத்த பிள்ளைக்கு ஒரு பழம் பாக்கத் தெரியலையே ஒங்களுக்கு!" என்று அழுதாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "கைத்தப்பு. என் தப்புதான்." வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில் வெம்பல் பழத்தின் கறை ஒரு சொட்டு விழுந்திருந்தது.

சாயங்காலம் கடையில் என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். அடி விழப்போகிறது என்று உள்ளே கூடுதலாக ஒரு கால்சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்த வயசிலேயே அவ்வளவு புத்தி. அவர் காலி மூட்டத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே. நேத்துக் காலைல நீ மோந்துதான சொன்ன?"

உண்மையைச் சொல்ல அது ஒரு இடம். என் வாழ்க்கையில் அப்படி ஓர் இடம் திரும்ப வரவில்லை.

"ஆமாப்பா. சத்தியமா."

துண்டின் நுனியை எடுத்து என் மூக்கைத் துடைத்தார். மோக்கவே இல்லாத மூக்கை, கரியே இல்லாத மூக்கை, எதற்குத் துடைக்கிறார் என்று நான் முழித்தேன்.

"சரி. அப்ப மழ ஈரந்தான். ஒம்மேல தப்பில்ல. யாருகிட்டயும் இதப் பேசாத" என்றார்.

அதன்பிறகு அவர் மூட்டம் போடவில்லை. வேறு இடத்தில் பழுத்த தார்களை வாங்கித் தொங்கவிட்டு விற்றார். மூட்ட அறையில் தேங்காயைப் போட்டுவைத்தார். "எப்பத் திங்கணும்?" என்று கேட்பதும் நின்றுபோனது. மூக்கைத் தட்டிக்காட்டுவதும் நின்றது. வருகிறவர்கள் அமுக்கிப் பார்த்து வாங்கினார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வருசத்தோடு பள்ளிக்கூடத்துக்கு நான் முழுக்குப் போட்டதைக்கூட அவர் கவனித்தாரா என்று சந்தேகம். நான்தான் கடையே கதி என்று கிடந்தேன். என்னை ஏதாவது மோந்து பார்க்கச் சொல்லுவாரா என்று காத்துக்கிடந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், ஓட்டைக்குள் தலையையே விட்டிருப்பேன்.

அக்காவை இரண்டு வருசம் கழித்து மலையில், தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனுசன். ஆனால் மலைக்குப் போனவள் ஆற்றைப் பார்க்க வருசத்துக்கு ஒரு தடவைதான் வந்தாள். அட்டைக் கடியில் காலெல்லாம் தழும்பு. அவள் கல்யாணமாகி நான்கு வருசம் கழித்து அப்பா இருமி இருமிச் செத்தார். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டோம். அம்மா எத்தனையோ தடவை வெளுத்தும் கறை போகாமல் நெஞ்சில் அப்படியே இருந்தது. அக்கா பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம்.

பால் தீய்ந்த மறுநாள் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். எஸ்டேட்டை விட்டு இறங்கி இப்போது களக்காட்டில் மகனோடு இருக்கிறாள். எழுபத்திமூன்று வயசு. எனக்கு மூக்கு போவதற்கு முன்பே அவளுக்கு முட்டி போய்விட்டது.

"எக்கா, அப்பாவுக்கு வாசம் தெரியாது. தெரியுமா ஒனக்கு?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"ஏலே, ஒனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்? எனக்குப் பதினஞ்சு வயசுல அப்பாவே சொன்னாரு. எங்கிட்ட மட்டும். அம்மாட்டகூடச் சொல்லல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஓட்டவாயன். ஒன்ட்டச் சொன்னா அன்னைக்கே பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போயிரும். மூக்கு இல்லாத பழக்காரன்ட்ட யாரு பழம் வாங்குவா?"

நியாயம்தான். பிறகு நான் சொன்னேன். ஆட்டைப் பற்றிச் சொன்னேன், கூரையைப் பற்றிச் சொன்னேன், ஒரு சாண் தள்ளி நின்ற மூக்கைப் பற்றிச் சொன்னேன். ஐம்பத்தைந்து வருசமாக ஒருத்தரிடமும் சொல்லாதது. இந்த ஓட்டைவாயில் தங்கிய ரகசியம் அது ஒன்றுதான்.

"அதுவும் தெரியும்" என்றாள் அக்கா. "அப்பா ஒருக்கா மலைக்கு வந்திருந்தப்பச் சொன்னாரு. 'ஏட்டி, தம்பி மூக்குல கரி இல்ல. தொடைக்கப் போனேன், சுத்தமா இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் தெறந்தேன். இன்னொருக்கா மோந்து சொல்லுன்னு கூப்பிட்டா, ஏன்னு கேப்பானோன்னு பயந்துட்டேன். அவன் பச்சப்பிள்ள. தப்பு என்னுது'ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு."

நான் ஒரு கீரைத் தண்டை எடுத்துத் துண்டுதுண்டாக ஒடித்தேன்.

அவள் கீரையை ஒதுக்கிவைத்தாள். "வெள்ளிக்கிழம காலைல பழத்த வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்தாவல்லா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு. பச்ச வாடதான் அடிச்சுது. இனிப்பே இல்ல."

"தெரிஞ்சும் நீயே தட்டத் தூக்கிட்டு வந்தியா? ஒரு ஆள சைக்கிள்ல விட்டிருந்தா வேற பழம் வந்திருக்கும்லா! அப்பாட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தாம்ல போனேன். வாசல் முத்தத்துல சித்தப்பாமாரு நடுவுல அப்பா நின்னாரு, அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு. மூக்கத் தட்டித் தட்டி, 'என் மூக்கு சொல்லிச்சு வே, வியாழக்கிழமதான் எறக்கணும்னு'ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்லுவேன்? ஒருவேள பிட்டுப் பாக்காமப் போயிருவாவளோன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே தட்டத் தூக்கினேன்."

"அந்தக் கண்டக்டரு..."

"பேச்ச விடு" என்றாள்.

உள்ளே போய் ஒரு ரஸ்தாளிப் பழம் கொண்டுவந்தாள். உரித்து, சத்தம் வராமல் இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் கையில் வைத்தாள். மற்ற பாதியைத் தன் வாயில் போட்டாள். நானும் போட்டேன். நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே என் வாய் சொல்லிவிட்டது.

"நல்லாருக்கு."

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பின் நுனியை எடுத்து, எட்டி, என் மூக்கு நுனியைத் துடைத்துவிட்டாள்.

அங்கே கரி இல்லை. அன்றைக்கும் இல்லை.